பெட்டி பிரிக்காத பட்டாளம்

சின்னப் போர்வீரர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்து மேசையில் ஆடுகிற மினியேச்சர் போர் விளையாட்டுக்காரர்கள் பீரோவில், பெயின்ட் அடித்த பொம்மைகளைவிட அடிக்காததுதான் எப்போதும் அதிகம். இருக்கட்டும். வைக்கிற முறைதான் முக்கியம்.

சேலத்து ஏப்ரல் வெயிலில் ரெசின் பொம்மைகளை மொட்டைமாடி அறையிலோ பூட்டிய காரிலோ விடாதீர்கள், ஈட்டியும் வாளும் வளைந்துவிடும். வளைந்தால் நல்ல சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடியே பச்சைத்தண்ணீரில் விடுங்கள், நிற்கும்.

நூறு இருநூறு என்று சேர்ந்தபின் ஸ்பாஞ்ச் பெட்டி கட்டுப்படியாகாது. தகரத் தட்டும், அதில் பொம்மையைப் பிடித்து நிறுத்தும் காந்தமும்தான் சரி. பொம்மை நிற்கும் 32 மில்லிமீட்டர் வட்ட அடித்தட்டுக்கு, அதாவது பேஸுக்கு, அடியில் 5 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நியோடிமியம் காந்தம் போதும். ஈய பொம்மைக்கு இரண்டு. காந்தம் பேஸ் விளிம்போடு மட்டமாக இருக்கணும். உள்ளே அரை மில்லிமீட்டர் ஏறினாலே பிடிப்பு போச்சு. பசை காய்வதற்குள் உருவிக்கொண்டு வருவதும் உண்டு, இரவு முழுக்க விடுங்கள்.

ஸ்டீல் ஊர்தானே என்று செவ்வாய்ப்பேட்டையில் பளபளப்பைப் பார்த்துத் தட்டுக்கு ஷீட் வாங்கிவிடாதீர்கள். 304 ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கேளுங்கள், கையில் ஒரு காந்தத்தோடு போங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் மூடுபனி நாளில் ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தொடவே வேண்டாம். ஈரம் சேர்ந்து வெள்ளை பூத்துவிடும். பிரஷ் பிரைமர்தான். கீழே சேலத்தில் இதற்கு நேர்மாறு: உச்சிவெயிலில் துளி பொம்மையைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரக்கும். காலையில், ஒரு சாண் தள்ளி அடியுங்கள்.

பழைய பெயின்ட்டை உரிக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக் வீரன் கூழாகிவிடுவான்.