மாமரத்துப் புள்ளிகள்

நவம்பர் 9
மாமரத்து லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் பத்தை) மேல் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் தனியொரு பூஞ்சையா, அதுவும் புது இனமா என்று பார்க்கச் சுரண்டி அனுப்பியிருந்தேன். டிஎன்ஏ வரிசை இன்னும் வரவில்லை.

நவம்பர் 11
விடிகாலையில் மழை. மாமரத்தில் சாம்பலாய்க் கிடந்த லைக்கன் முழுக்கப் பச்சை ஏறி நின்றது. இந்த ஈரத்தில்தான் அந்தக் கறுப்புப் புள்ளிகள் எடுப்பாகத் தெரியும். லென்ஸும் கையுமாக நின்றதைப் பார்த்து அம்மா, "மரத்துக்குச் சொறி புடிச்சா மருந்து அடிப்பாங்க. நீ என்னடி கொஞ்சிக்கிட்டு நிக்கிற?" என்றாள். சொறிக்கே சொறி பிடித்திருக்கிறதம்மா, அதைத்தான் பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 12
தூக்கம் போயிற்று. பிக்சின், அதாவது இந்த மாமரத்து லைக்கன், அதற்குச் சொந்தமாகவே வித்து உண்டாக்கும் கறுப்புத் தட்டுகள் உண்டு. அவற்றின் குஞ்சுகளைத்தான் வேற்று ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேனோ? பிளேடால் மெலிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மறுபடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பிக்சினின் வித்துகள் பழுப்பு, நடுவில் தடுப்பு, இரண்டு அறை. புள்ளிக்குள் இருந்தவை நிறமற்றவை, ஒற்றை அறை, ஊசி மாதிரி. சரி, வேற்று ஆள்தான். ஆனால் வேற்று ஆள் எல்லாம் புது ஆள் ஆகிவிடுமா? லைக்கன் மேல் மட்டுமே பிழைக்கும் பூஞ்சைகள் 2018 பட்டியலிலேயே சுமார் 2,000. அதில் எவனோ ஒருவனாக இருந்துவிட்டால்?

நவம்பர் 13
வரவில்லை.

நவம்பர் 15
குருமாவுக்குக் கல்பாசி எடுத்து வைத்திருந்தாள் அம்மா. அதுவும் லைக்கன்தானே என்று லென்ஸை வைத்தால், ஒரு துண்டில் கறுப்புப் புள்ளி! எந்த மலை, எந்த மரம்? கடலூர் முதுநகர் மளிகைக்கடையில் கேட்டால் "மூட்டையில வந்துச்சும்மா" என்பார்கள். ஊர் பேர் தெரியாத துண்டை வைத்து என்ன எழுதுவது? அம்மா பிடுங்கி எண்ணெயில் போட்டுவிட்டாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 18
துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அண்ணன் போனில், "2011ல 'தானே' புயல் அடிச்சப்ப எதிர்வீட்டுத் தென்னை ஓட்டு மேல விழுந்துச்சே, மறந்துட்டியா? மாமரத்தை வெட்டிடலாம்" என்கிறான். மறக்கவில்லை. புது இனம் என்று ஆகிப் புதுப் பெயர் வைத்தாலும் அது ஒட்டிக்கொள்வது ஹெர்பேரியத்தில், உலர் மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில், காகித உறைக்குள் கிடக்கும் காய்ந்த துண்டோடுதான், மரத்தோடு அல்ல. இதை எனக்கு நானே நாலு தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

நவம்பர் 19
மூன்றாம் எண்.

நவம்பர் 20
மெயில் வந்துவிட்டது. வந்த வரிசை புள்ளியுடையது இல்லை, பிக்சினுடையது. ஊசியால் சுரண்டும்போது அடியில் இருந்த லைக்கனும் கூடவே வந்திருக்கிறது, பாவி. அப்புறம் அண்ணன் போன்: மரம் வெட்டுகிறவர் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவாராம்.

இப்போது மணி பதினொன்று. டார்ச், ஊசி, காகித உறை. குடையை அம்மா பிடிக்கிறேன் என்கிறாள்.