‘மிலிட்டரி வில்லிஸ்’ என்று விலைக்கு வரும் ஜீப்: சேஸைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களின் ஷெட்டுகளில் இன்னும் பழைய ஜீப்புகள் நிற்கின்றன. விலைக்கு வரும் நாளில் எல்லாமே “மிலிட்டரி வில்லிஸுங்க, நாப்பத்திரெண்டு மாடல்” ஆகிவிடும். சேலத்துப் புரோக்கர் கைக்கு வந்தால் இன்னும் ஒரு லட்சம் கூடும். ஏற்காட்டில் நாங்கள் அண்மையில் சோதித்து வாங்கிய ஒரு ஜீப்பை முன்வைத்து, பார்க்க வேண்டியவற்றைப் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விவரம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் 1941 முதல் 1945 வரை மட்டுமே தயாரானது. வில்லிஸ் நிறுவனம் செய்தது எம்பி (MB). அதே வடிவமைப்பில் ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ (GPW). அதற்குப் பிறகு வந்த சிஜே (CJ) வரிசையின் சிஜே-2ஏ, சிஜே-3ஏ, சிஜே-3பி எல்லாம் சிவில் வண்டிகள். மஹிந்திரா நம் நாட்டில் பல ஆண்டுகள் செய்தது சிஜே-3பி. இவை அனைத்துக்கும் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களின் இடைவெளி, ஒன்றுதான்: 80 அங்குலம். அதனால் ஒன்றின் பாடி இன்னொன்றின் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பெரிய வேலை இல்லாமல் உட்கார்ந்துவிடும். குழப்பமும் ஏமாற்றும் இங்கேதான் தொடங்குகின்றன.

பாடியைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுத் தகட்டில் போர்க்கால வடிவத்திலேயே பாடி அடித்துத் தருகிறார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி இந்த ஜீப் வேலைக்கே பேர்போன ஊர். கிளவ் பாக்ஸ் மூடியில் இருக்கும் மூன்று விவரத் தகடுகளும் புதிதாக அச்சடித்துக் கிடைக்கின்றன. அதில் சீரியல் நம்பரும் டெலிவரி தேதியும் கொத்தியிருந்தாலும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. மாற்றக் கடினமானது சேஸ்தான். அதிலிருந்து தொடங்குங்கள்.

வண்டியைச் சமதளத்துக்குத் தள்ளிவரச் சொல்லுங்கள். மலையில் இது பெரிய வேலைதான், ஆனாலும் சரிவில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. ரேடியேட்டருக்குக் கீழே, சேஸின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் தண்டுகளை இணைக்கும் முன் குறுக்குச் சட்டத்தில் டார்ச் அடியுங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் எம்பி சேஸ் என்ற பக்கம் சாயலாம். கவிழ்த்த யூ வடிவத்தில் இருந்தால் ஜிபிடபிள்யூவாக இருக்கலாம், ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது நம்பர். எம்பியில் இடது தண்டின் உட்புறம், முன் பம்பருக்குப் பின்னால், சிறு தகடு ரிவெட் அடித்திருக்கும். எம்பி நம்பர்கள் 100001இல் தொடங்குகின்றன, எனவே ஆறு இலக்கம் இருந்தாக வேண்டும். இந்தத் தகடும் கழன்று மாறக்கூடியதே. ரிவெட் தலை புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். ஜிபிடபிள்யூவில் தகடு கிடையாது. இடது தண்டின் மேல்முகத்தில், இன்ஜின் மவுண்டுக்கு முன்னால், இரும்பிலேயே நம்பர் குத்தியிருக்கும். எழுபது எண்பது ஆண்டுப் பெயின்டும் கிரீஸும் அதை மூடியிருக்கும். கிரைண்டர், இரும்பு பிரஷ் எதுவும் அங்கே படக் கூடாது, எழுத்தே போய்விடும். பெயின்ட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, பித்தளை பிரஷால் மெல்லத் தேய்த்தால் போதும். பிறகு மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிரதி எடுங்கள். ஆர்டிஓ ஆபீஸில் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் தெரியும்.

நம்பர் இருக்கும் இடத்தில் இரும்பு அடிக்கோலை நிமிர்த்தி வையுங்கள். நடுவில் பள்ளமாக வெளிச்சம் தெரிந்தால் பழைய நம்பரை அராவியிருக்கிறார்கள். மேடாக இருந்தால் வெல்டிங் போட்டு நிரவியிருக்கிறார்கள். அராவிய சேஸை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம். பெயர் மாற்றும்போது அங்கேயே மாட்டிக்கொள்ளும், திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

தண்டின் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மஹிந்திராவின் இன்னொரு ஜீப்பான எம்எம் 540இன் வீல்பேஸ் 91 அங்குலம். அதன் சேஸை வெட்டிக் குட்டையாக்கி 80 ஆக்கிய வண்டிகள் ஓடுகின்றன. நடுப்பகுதியில் குறுக்கே வெல்டிங் கோடோ, உள்ளே வைத்த பட்டையோ தட்டுப்பட்டால் அதுதான் கதை. இன்னொரு தடயம் ஸ்டியரிங். போர்க்கால வண்டிகள் எல்லாமே இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்கமாக மாற்றியிருந்தாலும் இடது தண்டில் ஸ்டியரிங் பாக்ஸ் இருந்த துளைகள் மிஞ்சியிருக்கும். அந்தத் துளைகளே இல்லையென்றால் அது போர்க்காலச் சேஸாக இருக்க வாய்ப்பு குறைவு.

நாங்கள் பார்த்த வண்டியில் யூ சட்டம் இருந்தது, துளைகள் இருந்தன, ஜிபிடபிள்யூ நம்பரும் தாளில் முழுதாக விழுந்தது. சேஸ் உண்மை.

அதன் பிறகே பாடி. கிரில்லில் ஒன்பது பிளவு இருந்தால் போர்க்கால வடிவம், ஏழு இருந்தால் சிவில். ஆரம்பகால எம்பியில் மட்டும் கம்பிகளை வெல்டிங் செய்த கிரில் வந்தது. போர்க்கால வண்டியின் ஹெட்லைட் சிறியது, கிரில்லுக்குள் புதைந்திருக்கும், கீலில் திருப்பினால் இன்ஜின் மேல் வெளிச்சம் அடிக்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் இருந்தால் சிஜே. பின்னால் திறக்கும் கதவு இருந்தாலும் சிஜே. பானெட் பக்கவாட்டில் ‘வில்லிஸ்’ என்று பெரிதாகப் புடைத்திருப்பதைக் காட்டித்தான் பலர் விலை ஏற்றுகிறார்கள். அந்த எழுத்து சிவில் வண்டிக்கு உரியது, அதனால் அது விலையை இறக்க வேண்டிய அடையாளம்.

ஏற்காட்டு மழைக்குத் தனியாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றுக்குள் மரக்கட்டை வைத்துத்தான் செய்தார்கள். மரம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் பட்டை உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். கூரான ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பாருங்கள். பக்கத் தகடுகளில் துணி சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கள். பிடிக்காத இடமெல்லாம் பட்டி. பட்டைக்குள் மரமே இல்லாமல், தகடு எங்கும் ஒரே சீராகப் புதிதாக இருந்தால் அது புதுப் பாடி. எங்கள் வண்டியில் அதுதான் இருந்தது.

இன்ஜினை ஒரு பார்வையில் பிரிக்கலாம். போர்க்கால இன்ஜினின் ஹெட் தட்டையானது, ஸ்பார்க் பிளக் நான்கும் மேலே நிமிர்ந்து நிற்கும், கார்புரேட்டர் பக்கவாட்டில் இருக்கும். சிஜே-3பி இன்ஜினுக்கு ஹெட்டின் மேல் ராக்கர் கவர் உண்டு. அந்த உயரத்துக்காகத்தான் 3பியின் பானெட்டையே தூக்கினார்கள். இரண்டும் 2,199 சிசி என்பதால் ஆர்சியில் எழுதிய சிசியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டை ஹெட் சிஜே-2ஏ, 3ஏவிலும் வந்தது, அதனால் அது இருப்பது மட்டும் போர்க்கால வண்டி என்று காட்டிவிடாது. ஜிபிடபிள்யூ தொழிற்சாலையை விட்டு வந்தபோது இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஒன்றே. எம்பியில் இரண்டும் வேறு வேறு. பல எஸ்டேட் வண்டிகளில் சிக்கனத்துக்காக 2,112 சிசி எக்ஸ்டிபி டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள்.

ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலும் பல பாகங்களிலும் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. எஃப் போல்ட் எம்பியில் கிடந்தால் உடனே போலி என்று சொல்லிவிட வேண்டாம். ராணுவப் பட்டறைகளிலேயே இரண்டின் பாகங்களையும் கலந்துதான் மாட்டினார்கள். எங்கள் கணிப்பில் அப்படிக் கலந்த வண்டி நேர்மையான வண்டிதான். மறைத்து விற்பதுதான் குற்றம்.

ஆக்ஸில் சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போடுங்கள். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது, எனவே அதை விடுவித்தால்தான் சுற்றும். ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆளுக்கொரு சக்கரமாக இருவரும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88 விகிதம், போர்க்கால ஆக்ஸில். ஐந்தே காலைத் தாண்டினால் 5.38, சிஜே. முன்பக்கத்தையும் அதேபோல் எண்ணுங்கள். முன்னும் பின்னும் வேறு விகிதமாக இருந்தால் கெட்டியான தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டதும் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

காகித வேலையில் அவசரம் கூடாது. ஆர்சியில் உள்ள சேஸ் நம்பரை உங்கள் பென்சில் பிரிண்ட்டுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்துப் பின்னர் பதிந்த வண்டியானால் ஆண்டு முன்பின்னாக இருக்கலாம், நம்பர் மாறக் கூடாது. பழைய கைப்பதிவேட்டு வண்டிகள் ஆன்லைனில் வராமல் இருக்கலாம். அப்படியானால் விற்பவர் பேக்லாக் பதிவை (பழைய பதிவை ஆன்லைனில் ஏற்றுவதை) முடித்துத் தந்த பிறகு மீதிப் பணம் என்று பேசுங்கள். தோட்டத்து ஜீப் பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு வந்த பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 போடுங்கள்.

2021 முதல், சொந்த உபயோகத்துக்கான வண்டி 50 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும், சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாததாகவும் இருந்தால் வின்டேஜ் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. நம்பரில் ‘விஏ’ வரும். பழைய பதிவுள்ள வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பதிவானபின் ராலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கே ரோட்டில் இறக்கலாம், தினமும் சேலத்து அஞ்சு ரோடு போய்வர முடியாது. டீசல் மாற்றிய ஜீப்புக்கு இந்த வழியை நம்பிக் காசு போட வேண்டாம்.

எங்கள் ஜீப்பின் கணக்கு இப்படி முடிந்தது: ஜிபிடபிள்யூ சேஸ், 4.88 ஆக்ஸில் இரண்டும் உண்மை, பாடி புதிது, இன்ஜின் 3பி. அசல் போர்க்கால வண்டியின் விலையை ஒதுக்கி, சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள மதிப்பில் பேசினோம். தட்டை ஹெட் இன்ஜின் தேடிப் பொருத்தும் செலவையும் அதில் கழித்தோம். ஒப்பந்தத்தில் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், “பாடி மறுதயாரிப்பு” என்ற வரி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, பென்சில் பிரிண்ட்டைப் பின்னால் ஒட்டினோம். வாங்கிய பிறகு பிரேக் பைப், வீல் சிலிண்டர் மாற்றாமல் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டி இறக்காதீர்கள். சின்ன லாரியில் ஏற்றி, நான்கு சக்கரத்தையும் கட்டி இறக்குங்கள்.