எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குழந்தைகள்

சென்னையில் ஆற்றோரத்திலோ கால்வாயோரத்திலோ குடியிருக்கும் ஒரு குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது, அந்தக் குடும்பத்தைப் பற்றிய விவரங்கள் அரசிடம் நிறையவே சேர்கின்றன. குடும்பத் தலைவரின் பெயர், ஆதார், ரேஷன் கார்டு, கைரேகை, புது வீட்டின் பிளாக் எண், கதவு எண் எல்லாம் இருக்கும். அந்த வீட்டுப் பெண் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு படிக்கிறாள், அவளுடைய இரண்டு வயதுத் தம்பி எந்த அங்கன்வாடிக்குப் போகிறான் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் சிறியது. விடுதியோ பள்ளியோ நாங்கள் நடத்துவதில்லை. குழந்தைகள் தொடர்பான சட்டங்கள், அரசாணைகள், பட்ஜெட் ஒதுக்கீடு ஆகியவற்றைப் பின்தொடர்ந்து, அவை குழந்தைகளைப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பதும், சேராதபோது கேட்பதும்தான் வேலை. குழந்தைகளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நினைத்த அதிகாரி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கணக்கெடுக்கும்போதே குழந்தை விட்டுப்போகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது பல இடங்களில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்தில் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் அங்கே போனது கல்வியாண்டின் நடுவில். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்துக் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வீடு மாறும் மாதத்தை முடிவு செய்யும்போது பள்ளிக்கூட நாட்காட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னும் வழக்கமாகவில்லை.

நாங்கள் அதிகம் வேலை செய்த குடியிருப்பின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கே ஆறாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணைப் பள்ளி நேரத்தில் மாடிப்படியில் பார்த்தேன். இடுப்பில் தம்பி. இன்னொரு கையில் பிஸ்கட் பாக்கெட். "ஸ்கூல் போகலையா கண்ணு?" என்று கேட்டேன். "அம்மா வந்தப்புறம் போவேன்க்கா" என்றாள். அம்மா மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிறவர். இடம் மாறினாலும் வேலை அங்கேயேதான் இருக்கிறது. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் வீடு திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் பள்ளி கிட்டத்தட்ட முடிந்துவிடும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அம்மா வந்ததும் போகலாம் என்றுதான் தினமும் நினைத்திருக்கிறாள்.

பழைய இடத்தில் தெருமுனையில் ஒரு அங்கன்வாடி இருந்தது. தம்பி அங்கே இருப்பான், அக்கா பள்ளியில் இருப்பாள். புது இடத்தில் வீடு, குழாய், மின் இணைப்பு எல்லாம் வந்துவிட்டன. அங்கன்வாடி வரவில்லை. அவளுடைய படிப்பு நின்றதற்குக் காரணம் பள்ளியில் இல்லை, தம்பிக்கு ஒரு மையம் இல்லாததில் இருந்தது. இடைநிற்றல் பட்டியலில் அவள் பெயர் வந்தாலும், காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ பதிவேடுகளில் பார்த்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது.

பள்ளி விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது, அது 14ஆவது பிரிவு. இந்த இரண்டையும் அரைப் பக்கத்தில் தமிழில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தோம். சில அம்மாக்கள் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்கள். ஒரு தலைமையாசிரியர் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "சேர்த்துக்கறேன்மா. ஆனா ஒரே வகுப்பறையில இன்னும் எத்தனை பேரை உட்கார வைப்பேன்னு நீங்களும் போய்க் கேளுங்க" என்றார். அது நியாயமான கேள்வி. அடுத்த மனுவில் அதையும் சேர்த்து, கூடுதல் வகுப்பறையும் ஆசிரியர் பணியிடமும் கேட்டோம்.

அங்கன்வாடிக்கு வேறு வழி தேவைப்பட்டது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஒரு உத்தரவு போட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது இருக்கும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். கிராமங்களுக்கு மட்டுமல்ல, நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கும் சேர்த்துத்தான். இதைத் தவிர மக்கள்தொகைக் கணக்கும் ஒன்று உண்டு, 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். ஆயிரம் வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் நாலாயிரம் பேர். குறைந்தது ஐந்து மையம் வேண்டும். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் கட்டட வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படாமல் போகிறது.

'இங்கே நிறையக் குழந்தைகள் இருக்கிறார்கள்' என்று மனு எழுதினால் கோப்பு நகராது. பெயர்ப் பட்டியல் வேண்டும். அந்தக் குடியிருப்பிலேயே கல்லூரிக்குப் போகும் சில பெண்கள் ஆளுக்கொரு பிளாக்கை எடுத்துக்கொண்டார்கள். நீள நோட்டில் கோடு போட்டு, கதவு எண், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அம்மா வேலைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம் என்று கட்டம் பிரித்தார்கள். கடைசி இரண்டு கட்டங்களும் அவர்களுடைய யோசனை. எனக்கு அது தோன்றியிருக்காது. பிறந்த தேதிக்குத் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழை வீட்டை இடித்த அவசரத்தில் தொலைத்தவர்கள்கூடத் தடுப்பூசி அட்டையை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பகலில் பூட்டியிருந்த வீடுகளுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் மறுபடி போனார்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் எட்டு மாடி ஏறினார்கள். முதல் பிளாக் முடியும்போதே குழந்தைகளின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது.

பட்டியலோடு போன முதல் அலுவலகத்தில், கட்டடம் எங்களுடையது, மையம் திறப்பது வேறு துறை என்றார்கள். அந்த வேறு துறையில், இடம் ஒதுக்கினால் திறக்கத் தயார் என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் விதிப்படி சரி. இடையில் இருக்கும் குழந்தைதான் யாருடைய பொறுப்பிலும் இல்லை. திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்து ரசீது வாங்கினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டோம். முப்பது நாளில் பதில் வந்தது, 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று. யாருக்கு அனுப்பினார்கள் என்று மேல்முறையீடு செய்தோம். நன்கொடையாளருக்கு எழுதும் அறிக்கையில் இந்த மாதங்களைச் சாதனையாகக் காட்ட முடியாது. ஆனால் எங்கள் வேலையின் பெரும்பகுதி இதுதான், இதைச் செய்யாமல் மற்ற எதுவும் நடப்பதில்லை.

கோப்பைத் தூக்கி நிறுத்தியது ஒரு பிரிவு அலுவலர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன அவருக்கு. பட்டியலை முழுக்கப் புரட்டிவிட்டு, "இந்த நேரத்தை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டார். பிள்ளைகளே எழுதினார்கள் என்றேன். "நாலரை மணிக்கே கிளம்புற அம்மா இருக்காங்களா!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு எங்கள் மனுவில் இருந்த மூன்று பக்க விளக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கேட்பது என்ன, எந்த உத்தரவின்படி, எத்தனை குழந்தை, எந்த இடம் காலியாக இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். மறுநாளே கொண்டுபோனோம். தன் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதுவதைப் போல உட்கார்ந்து குறிப்பு எழுதினார் அவர்.

இதே நேரத்தில் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்குமான பட்ஜெட் ஒதுக்கீட்டின் மீதான விவாதம், வர இருந்தது. 45ஆம் எண் கோரிக்கை சமூக நலத் துறைக்கு, 43ஆம் எண் பள்ளிக் கல்விக்கு. மாநிலம் முழுக்க 54,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள், அதாவது அங்கன்வாடிகள், என்ற எண்ணிக்கை அந்த விவாதத்துக்காகத் துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆண்டுதோறும் வரும். பெரிய சாதனை அது, நான் மனமாரச் சொல்கிறேன். 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று குழந்தைகளின் தட்டை அரசியலின் நடுவில் வைத்த மாநிலம் இது. ஆனால் மொத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, புதிதாக முளைத்த ஒரு குடியிருப்பில் எத்தனை மையம் என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி, கட்சி வித்தியாசம் பார்க்காமல் உறுப்பினர்களிடம் கொடுத்தோம். பத்திரிகைக்குப் போவதா வேண்டாமா என்று அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கோப்பு நகரும்போது செய்தி வந்தால் அதிகாரிகள் பின்வாங்குவார்கள் என்பது ஒரு பக்கம், வராவிட்டால் மறந்துவிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். குழந்தையின் படமும் பெயரும் இல்லாமல், எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதச் சம்மதித்த நிருபரிடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அப்படியே செய்தோம். இடுப்பில் தம்பியோடு நிற்கும் அந்தப் பெண்ணின் படம் முதல் பக்கத்தில் வந்திருந்தால் வேகமாக நடந்திருக்கலாம். அந்த வேகம் எங்களுக்கு வேண்டாம்.

தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த இரண்டு வீடுகளில் மையம் வந்தது. வேறு மையத்துப் பணியாளருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்துத் தொடங்கினார்கள், நிரந்தரப் பணியிடம் வரத் தாமதமானது. எடை பார்க்கும் கருவி வந்தது, வாரம் 3 முட்டை வந்தது. அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பினாள். ஆனால் அவள் வகுப்பில் இருந்த இன்னும் சில பெண்கள் திரும்பவில்லை. மையம் காலையில் திறக்கும் நேரத்துக்குள் அவர்களுடைய அம்மாக்கள் கிளம்பி நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

குழந்தைகளையே கேட்டுப் பார்த்தபோது அவர்கள் சொன்னது எங்கள் மனுக்களில் இல்லாத விஷயங்கள். லிஃப்டுக்குள் விளக்கு எரிவதில்லை, அதனால் தங்கச்சியைத் தனியாகக் கீழே அனுப்ப முடியவில்லை என்றான் ஒரு பையன். பள்ளி விடும் நேரத்தில் பஸ் நிற்காமல் போகிறது என்றார்கள் பலர். பழைய பள்ளிக்கூட நண்பர்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். அதை எந்தத் துறைக்கு எழுதுவது என்று தெரியாவிட்டாலும் குறிப்பில் எழுதி வைத்தோம். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது. குழந்தைகளுக்கென்று தமிழ்நாடு அரசு 2021 நவம்பர் 20 அன்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவும் கருத்துக் கேட்புக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் ஆவணத்தில் இருக்கும் குழந்தை இரண்டாவது ஆவணத்துக்குள்ளும் முழுதாக வர வேண்டும்.

இந்த ஆண்டு நாங்கள் கேட்பது மூன்று. ஜூன் முதல் ஏப்ரல் வரை பள்ளிக் குழந்தைகள் உள்ள எந்தக் குடும்பத்தையும் இடம் மாற்றக் கூடாது. குடும்பக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளி, வகுப்பு, அங்கன்வாடி என்ற கட்டங்கள் வேண்டும், அந்தப் பட்டியல் வீட்டுச் சாவி கொடுப்பதற்கு முன்பே கல்வித் துறைக்கும் குழந்தைகள் மையங்களை நடத்தும் துறைக்கும் போக வேண்டும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் மட்டுமாவது மையங்கள் விடியற்காலையில் திறக்க வேண்டும், அதற்குத் தனிப் பணியாளரும் தனிச் சம்பளமும் ஒதுக்க வேண்டும். மூன்றாவதற்கு நிதித் துறையின் ஒப்புதல் தேவை என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாக்கள் கிளம்பும் நேரம் எழுதிய நோட்டுகளை நகல் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம்.