ஹம் வழியா சுத்தி திருவட்டாறு போன கதை

ஜெர்மனியில டோர்ட்முண்ட்ல மாஸ்டர்ஸ் சேந்து இது ரெண்டாவது சம்மர். அங்க ஸ்டூடண்ட் டிக்கெட் கையில இருந்தா ஐசிஇ மாதிரி ஃபாஸ்ட் ரயில்ல மட்டும் ஏற முடியாது, மத்தபடி லோக்கல் ரயில், பஸ்னு நாடு பூரா சுத்தலாம், அதனால சனி ஞாயிறு வந்தா நான் ரூம்ல தங்குறதே இல்ல. கொலோன் கதீட்ரல்ல 533 படி ஏறி மூச்சு வாங்கிட்டே வீடியோ எடுத்து நாகர்கோவிலுக்கு அனுப்பினா, ஆச்சி "சர்ச்சு கொள்ளாம் மக்ளே, கோயிலுக்குப் போனியா?"ன்னு கேக்குறா.

சரின்னு ஜூன்ல பக்கத்து ஊரான ஹம்ல இருக்க காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனேன். ஈழத்தமிழருங்க எழுப்பின கோயில், 2002ல கும்பாபிஷேகம். சுத்தி ஃபேக்டரி, குடோன், நடுவுல 17 மீட்டர் ராஜகோபுரம். காவடியும் கற்பூரமுமா ரோடு நிறைஞ்சு கெடக்கு. அன்னதான வரிசையில பக்கத்துல நின்ன ஒரு அக்கா "தம்பி எந்த ஊர்?"னு கேட்டாங்க, கன்னியாகுமரி மாவட்டம்னேன். "அப்ப திருவட்டாறு பக்கமோ? நான் போன வருஷம் போய் வந்தனான், என்ன ஒரு பெருமாள்!"

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு நான் போனதில்ல. வீட்டுல இருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். டோர்ட்முண்ட்ல இருந்து ஹம்மும் அதே தூரம் தான். தட்டைக் கையில வச்சிக்கிட்டு ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டேன், சாப்பாடு இறங்கல.

ஊருக்கு வந்தது ஆவணியில. ஞாயித்துக்கிழமைன்னா நாகராஜா கோயில்ல நாகருக்குப் பால் ஊத்துற கூட்டத்துல வடசேரி பக்கமே போக முடியாது, அதனால சனிக்கிழமை திருவட்டாறுக்குக் கிளம்பினோம், நானும் ஆச்சியும். தக்கலையில டாரஸ் லாரி வரிசையில பஸ் மாட்டி, அழகியமண்டபம் தாண்டி, ஒருவழியா கோயில் படி ஏறினா நடை சாத்தியாச்சு. சாயங்காலம் தான் இனி தொறப்பாங்களாம். எனக்கு எரிச்சல், ஆச்சிக்கு ஒண்ணுமே இல்ல. "பெருமாள் 418 வருஷம் கும்பாபிஷேகத்துக்குக் காத்துக் கெடந்தாரு, நீ நாலு மணிக்கூர் இருக்கமாட்டியா?" 2022 ஜூலை 6ல தான் அது நடந்துது. அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன், விசா பேப்பர் சரி பண்ணிட்டு.

ஆட்டோ பிடிச்சு மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். 115 அடி உயரத்துல, பறளியாத்துக்கு மேல தண்ணி ஓடுது. நான் நடந்துட்டு வர்ற வரைக்கும் ஆச்சி கீழ மிளகாப்பொடி போட்ட அன்னாசி வாங்கித் தின்னுட்டு உக்காந்திருந்தா. வந்ததும் கதைய ஆரம்பிச்சா. கேசின்னு ஒரு அசுரன், அவனை அடக்கி அவன் மேல பெருமாள் படுத்துட்டாரு, அசுரன் பொண்டாட்டி ஆத்தைக் கூப்பிட்டு பெருமாளை முக்கப் பாத்தா, பூமாதேவி இடத்தை மேல தூக்கிட்டா, ஆறு என்ன செய்யும், வட்டமா சுத்திட்டுப் போச்சு. வட்டாறு. பாலத்து மேல நின்னு அந்த ஆத்தைப் பாத்துட்டு வந்த உடனே கேட்டதாலயோ என்னவோ கதை மாதிரியே தோணல.

சாயங்காலம் நடை தொறந்தாங்க. நான் ஜீன்ஸ். ஆச்சி பையில இருந்து தாத்தாவோட வேட்டி வருது, கற்பூர வாசனையோட. "சட்டையைக் கழத்து." பிரகாரத்துத் தூண்ல எல்லாம் கையில விளக்கோட பாவைங்க, கொண்டை ஒண்ணு போல ஒண்ணு இல்ல. சன்னதிக்கு மூணு நடை, அதாவது வாசல். ஒற்றைக்கல் மண்டபத்துல ஏறி முதல் நடைக்கு முன்னால நின்னா, சத்தியமா எனக்கு இருட்டும் விளக்கும் தான் தெரிஞ்சுது. வெளிச்சத்துல இருந்து வந்த கண்ணு. கொஞ்ச நேரத்துல ஒரு தாடை, அப்புறம் மூக்கு, அப்புறம் மூடின இமை. நடு நடையில தொங்குற கை, நாபி. திருவனந்தபுரம் பத்மநாபருக்கு இருக்க மாதிரி நாபியில பிரம்மா இங்க கிடையாது. மூணாவது நடையில பாதம். 22 அடி, உள்ள 16,008 சாளக்கிராமம் வச்சு கடுசர்க்கரைங்கிற மூலிகைச் சாந்துல செஞ்ச மேனி, எந்த நடையில நின்னாலும் முழுசா பாக்க முடியாது. ஃபோன்ல எடுக்கவும் விடமாட்டாங்க, நல்லது தான். நான் முகத்துக்கும் பாதத்துக்கும் மூணு தடவை நடந்தேன், ஒவ்வொரு தடவையும் இப்ப பாத்தது மனசுல நிக்கும்போது முந்தி பாத்தது நழுவுது. ஆச்சி பாதத்துக்கிட்டயே நின்னுட்டா, உதடு மட்டும் அசையுது.

இலைத்துண்டுல சந்தனம் வாங்கி நெத்தியில வச்சுக்கிட்டு கடைசியில பஸ்ல ஏறினோம். பாதி வழியில ஆச்சி கேட்டா, "அந்த காமாட்சி கோயிலுக்கு ஒரே பஸ்ஸா, மாறணுமா?"

"ரயில்ல போய் இறங்கி ஒரு பஸ் ஆச்சி."

"மத்தியானம் நடை எப்ப சாத்துவாங்க?"

தெரியல. அக்காகிட்ட தான் கேக்கணும், நம்பர் வாங்கி வச்சிருக்கலாம்.