பண்ணாரி குண்டமும் கரையில் நின்ற கைகளும்

பண்ணாரி மாரியம்மன் கோயிலில் திருநீறுக்குப் பதில் புற்று மண்தான் பிரசாதம். அதை நெற்றியில் இட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற சாலையில், திம்பம் மலை ஏறுவதற்கு முன்னால், காட்டோரமாகத் தெற்குப் பார்த்து இருக்கிறாள் ஆத்தா. மலையேறப் போகிற லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

பங்குனியில் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிவிட்டால் சத்தி வட்டாரமே மஞ்சளுக்கு மாறிவிடும். பண்ணாரி அம்மனும் சருகு மாரியம்மனும் சப்பரத்தில் ஊர் ஊராகப் போவார்கள். வழி நெடுகத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்த தரையில் சனங்கள் படுத்துக்கொள்ள, சப்பரம் தூக்குபவர்கள் அவர்களைத் தாண்டி நடப்பார்கள். சப்பரம் கோயில் திரும்பியதும் கம்பம் நட்டு இரவெல்லாம் ஆட்டம். மலைவாழ் மக்களின் பீனாட்சி வாத்தியம் ஒலிக்கத் தொடங்கினால் வயசானவர்களுக்கும் கால் சும்மா நிற்காது. தீ மிதிக்கிற குண்டத்துக்கு வேண்டிய விறகை எரிகரும்பு என்போம். பக்தர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டுத்தான் அது மலையாகக் குவிகிறது. கடையில் மொத்தமாக வாங்கி அடுக்கினாலும் எரியத்தான் எரியும். ஆனால் ஊரே போட்ட விறகு எரிகிறது என்று தெரிந்து நிற்கும்போது உடம்பு சிலிர்ப்பது வேறு.

இந்த முறை குண்டத்தன்று நான் முழுக்கக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கச்சி மகன் அங்கே நின்றிருந்ததுதான் காரணம். சத்திப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறான். விடியும் முன்னால் பூப்பறிக்கிற பிழைப்பு. அதற்கு நடுவில் பேரிடர்க் காலத் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா பயிற்சியை முடித்திருக்கிறான். 12 நாள் பயிற்சி அது. முதலுதவி, கயிறு முடிச்சு, வெள்ளத்தில் மாட்டியவரை இழுத்துவரும் முறை என்று கற்றுத்தருகிறார்கள். எங்கள் பக்கத்துக்கு அது ரொம்பவே தேவை. பவானிசாகர் அணையின் நீர்மட்ட உயரம் 105 அடி. மேலே நீலகிரியில் மழை கொட்டி அணை நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால், பவானிக் கரையின் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை. எரிகரும்பு கனலாகி, அதைத் தட்டிச் சமன்படுத்திவிட்டார்கள். முதலில் பூசாரி இறங்கினார். அதற்கப்புறம், ராத்திரியெல்லாம் வரிசையில் கிடந்த கூட்டம் வேப்பிலையும் கையுமாக நகர ஆரம்பித்தது. குண்டத்தின் இரு கரையிலும் தீயணைப்புக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காவல் படையினர், முதலுதவிப் பெட்டியோடு இவனைப் போன்ற பிள்ளைகள்.

“நீ எறங்கலையா கண்ணு?” என்றேன்.

“நாமளும் எறங்கீட்டா இங்க யாருங்க பெரிம்மா நிக்கறது?” என்றான். கண்ணைக் குண்டத்தைவிட்டு எடுக்கவே இல்லை.

நிதானமாக நடப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அவன் முன்னமே சொல்லியிருந்தான். கரிக்கனல் சூட்டைச் சட்டென்று காலுக்குக் கடத்தாது. பயந்து ஓடும்போதுதான் கால் கனலுக்குள் புதையும்; தடுமாறி விழுந்தால் உடம்பு முழுவதும் கனலோடு ஒட்டிக்கிடக்கும். அவன் சொன்னது கண்ணெதிரே நடந்தது. வயசான அம்மா ஒருவர் பாதி வழியில் முன்னால் சரிந்தார். “தாயே!” என்று கூட்டம் கத்தி முடிக்கும் முன்பே இரண்டு தீயணைப்பு வீரர்கள் அவரைக் கரைக்குத் தூக்கிவிட்டார்கள். யார் எந்த ஊர் என்று கேட்க நேரமில்லாத அந்தக் கைகளில் நான் ஆத்தாவைத்தான் கண்டேன்.

காலிலும் உள்ளங்கையிலும் காயம். யாரோ மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஓடிவர, என் தங்கச்சி மகன் பணிவாகத் தடுத்தான். “மஞ்சள் வேண்டாமுங்க, தண்ணி போதும்.” குழாயைத் திறந்து 20 நிமிஷம் காயத்தின் மேல் தண்ணீர் ஓடவிட்டான். ஐஸும் வைக்கக் கூடாது, பற்பசையும் பூசக் கூடாதாம். அந்த அம்மாவுக்கு வலியைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. “பாதிலயே உழுந்துட்டனே சாமி, வேண்டுதல் சேந்துச்சா?”

“ஆத்தா ஏத்துக்கிட்டாங்க அமுச்சி. நீங்க கால அசைக்காம வெச்சுக்குங்க.”

இதைவிடப் பெரிய ஆறுதலை எந்தப் பெரியவரும் சொல்லியிருக்க முடியாது. 108 வண்டியில் ஏற்றும்வரை அவர் இவன் கையை விடவே இல்லை.

பக்தர்கள் இறங்கி முடித்த பிறகு கால்நடைகள் இறங்கும். நோய்நொடி அண்டாமல் இருக்க விவசாயிகள் மாடு கன்றுகளைப் பிடித்து வந்திருந்தார்கள். அதுவரைக்கும் கரையில் நின்றவர்கள் நகரவில்லை. அன்னதானப் பந்தலிலிருந்து அரிசிம்பருப்புச் சோறும் நீர்மோரும் அவர்கள் நின்ற இடத்துக்கே போயின. கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு நிறைந்த சந்தோஷம்.

குண்டம் முடிந்த கொஞ்ச நாளில், ஏப்ரல் 14-ல், தீயணைப்புத் துறை தன் வீரர்களை நினைத்து அஞ்சலி செலுத்தும். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் உயிர்விட்டார்கள். எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிகளும் அன்றைக்கு ஒரு மாலையோடு நிலையத்துக்குப் போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த பங்குனிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குண்டத்தில் ஓடாதீர்கள், முன்னால் போகிறவர் கரையேறிய பிறகு இறங்குங்கள். காற்றில் பறக்கிற பாலியஸ்டர் துணி வேண்டாம், பருத்தி கட்டுங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தைக்காக நீங்கள் தனியாக இறங்கினாலே ஆத்தாவுக்குப் போதும். பிள்ளையைக் கரையில் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வரிசைக்கு வாருங்கள்.