பின்பக்கம்

மார்ச் 3
ஸ்டீல் தகட்டின் முன்முகத்தில் ஹீட்டர், 5 மி.மீ. உள்ளே ஒரு தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலை அளக்கும் கம்பி. அது காட்டுவதை வைத்து, முன்முகத்தில் எவ்வளவு வெப்பம் நுழைந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். மறுபடியும் பற்கள். முன்முகத்தின் வெப்பப் பாய்வைக் கணக்கிட்டு வரைந்தால் ரம்பம் மாதிரி வருகிறது. தெர்மோகப்பிள் கொடுத்த வளைவோ அவ்வளவு வழவழப்பு.

மார்ச் 4
கையாலேயே போட்டுப் பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெப்ப விரவல்திறன் (வெப்பநிலை மாற்றம் உள்ளே எவ்வளவு சீக்கிரம் பரவும் என்ற அளவு) விநாடிக்கு ஏறக்குறைய 4 சதுர மி.மீ. முன்முகத்தில் விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வெப்பநிலை 5 மி.மீ. உள்ளே வருவதற்குள் எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது, 1 மி.மீ. ஆழத்தில் பார்த்தால் 40 சதவீதம் மிஞ்சும். கடத்தல் இப்படி அமுக்கியதை, உள்ளிருந்து முன்முகத்துக்குப் போகும் தலைகீழ்க் கணக்கு எண்பது மடங்கு பெருக்கித்தான் மீட்க வேண்டும், அப்போது அளவீட்டில் இருக்கிற 0.1 டிகிரி இரைச்சலும் கூடவே பெருகும், எது சேதி எது இரைச்சல் என்று அதற்கு எங்கே தெரியப்போகிறது. தரவு கொஞ்சம் அசைந்தால் விடையும் கொஞ்சம்தான் அசைய வேண்டும் என்றார் கணிதவியலாளர் ஹடமார்ட். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மார்ச் 5
முன்முகத்துக்கு இன்னும் பக்கத்தில் தெர்மோகப்பிள் வைக்கத் துளை போட அனுமதி கேட்டதற்குப் பதில் இல்லை.

மார்ச் 7
கணிதவியலாளர் டிக்கனோவின் முறைப்படி, விடை துள்ளும் அளவுக்கு ஏற்பக் கணக்கில் அபராதம் போட்டதும் பற்கள் அடங்கின. எவ்வளவு அபராதம் என்பதுதான் தலைவலி. இன்னொரு கணிதவியலாளர் மொரோசோவ் சொன்னபடி, கணக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரைச்சல் அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன், அதற்கும் கீழே போனால் இரைச்சலுக்குத்தான் விடை கண்டுபிடித்துக்கொண்டிருப்போம்.

அழகான வளைவு. ஆனால் நேரம் போகப் போகச் சரிகிறது. ஒட்டியிருக்கும் ஹீட்டருக்குப் போகும் மின்திறன் சரியவே இல்லையே!

மார்ச் 8
பின்பக்கம்.

மார்ச் 9
தூக்கம் வரவில்லை. பழைய அறிக்கையில் பின்முகத்துக்கு ஒரே ஒரு சொல், இன்சுலேட்டட். அதாவது அங்கே வெப்பப் பாய்வு பூச்சியம். எந்தப் போர்வை பூச்சியம் கொடுக்கும்? பின்னால் கசிகிற வெப்பத்துக்குக் கணக்கில் இடம் இல்லாததால், முன்னால் குறைவாக வந்தது என்று அது முடிவுகட்டுகிறது. எல்லோரும் தெரியாத முகத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறோம், தெரியும் என்று எழுதிவைத்த முகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிக்கனோவ் இதற்கு உதவ மாட்டார், அவர் இரைச்சலுக்குத்தான் மருந்து.

மார்ச் 10
அக்காவிடம் காட்டினேன். "அறிக்கையில சோதனை எல்லாம் பிரமாதமா வந்திருக்கே?" என்றார். வராமல் என்ன செய்யும், பின்முகம் பூச்சியம் என்று வைத்தே செயற்கைத் தரவைத் தயாரித்து, அதே மாடலில், அதே கணக்குக் கட்டங்களில் (grid) போட்டிருக்கிறார்கள், தப்பு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தப்புதான், வெளியே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் டீ சொன்னார்.

மார்ச் 12
பின்முகத்தில் இன்னொரு தெர்மோகப்பிள். அதன் வெப்பநிலையையே எல்லை நிபந்தனையாக, அதாவது தகட்டின் ஓரத்தில் நடப்பது இதுதான் என்று கணக்குக்குக் கொடுத்துவிட்டால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே வேண்டாம். இரண்டு தெர்மோகப்பிளுக்கும் நடுவில் இருப்பது சாதாரண நேர்க்கணக்கு, உள்ளே இருப்பதிலிருந்து முன்முகம் வரைக்கும் உள்ள 5 மி.மீ. மட்டும்தான் தலைகீழ்.

இதோடு ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறனையும் கண்டுபிடிக்கலாமே என்று ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன். எல்லைகளில் வெறும் வெப்பநிலையை மட்டும் கொடுத்தால் விரவல்திறன்தான் கிடைக்கும், கடத்துதிறன் தனியாகப் பிரியாது. எங்காவது ஒரு இடத்தில் எத்தனை வாட் வெப்பம் பாய்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 13
பதில் இல்லை.

மார்ச் 14
வந்துவிட்டது. துளை கூடாதாம், பின்முகத்தில் தெர்மோகப்பிளை ஸ்பாட் வெல்டு செய்துகொள்ளலாமாம். எனக்கு அதுவே போதும். ஹீட்டரை அணைத்த பிறகும் பதிவு ஓடட்டும் என்று எழுதி அனுப்ப வேண்டும், கடைசிச் சில விநாடிகளில் முன்னால் நடந்தது 5 மி.மீ. தாண்டி வந்து சேர நேரம் ஆகும்