திறக்காத கொப்பி

“அப்ப பிள்ளை, நீங்க கப்பல்காரன் பக்கமா?”

முகத்துவாரத்தில் மீன் சோறு விற்கும் அந்த அண்ணன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் 2021 மே 20 அன்று கொழும்புக் கடலில் தீப்பிடித்தது. மறுநாள் இரவே கொரோனாப் பயணக்கட்டுப்பாடு வந்து ஜூன் 21 வரை இழுபட்டது. இந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துத்தான் அவர் நட்டஈடு கேட்டார். அவருக்கு நட்டஈட்டுக் கணக்கு எழுதும் நான் கேட்டது ஒரே கேள்வி: “கப்பல் எரியாமல் இருந்திருந்தால், அந்த மாசம் கடை திறந்திருக்குமா?”

அவர் பேசவில்லை. நானும் அந்த மாதத்தை வெட்டிவிட்டு, ஜூன் 22 முதல் கணக்கெழுதினேன். அப்புறமும் சனம் மீனைத் தொடப் பயந்தது உண்மை. கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள், செத்து ஒதுங்கிய ஆமைகள். எண்ணெய் எப்போது கசியும் என்ற பேச்சு வேறு.

என் கேள்வி பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வலையோ வள்ளமோ சேதமாகாமல் வருமானம் மட்டும் போனவருக்குச் சட்டத்தில் எப்போதும் இழுபறிதான். எண்ணெய்க் கப்பல் கசிவுகளுக்கான 1992 சர்வதேச நிதியம் அப்படிப்பட்டவருக்கும் கொடுக்கும். ஆனால் கடை கசிவுக்கு எவ்வளவு அருகில், அந்தக் கடலை எவ்வளவு நம்பியிருந்தது, வேறு பிழைப்பு வழி இருந்ததா என்றெல்லாம் பார்க்கும். இதுவோ கொள்கலன் கப்பல், அந்த நிதியத்துக்குள் வராது. எனக்குத் தெரிந்த அளவுகோல் அது என்பதால் அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு மாதத்தைக் கூட்டிப் போட்டு, அதனால் மிச்சத்தையும் நம்பாமல் விட்டால்?

சரி, அது நியாயம். கொப்பி?

அவர் ஒரு பாடசாலைக் கொப்பி கொண்டுவந்திருந்தார். அட்டையில் சோற்றுக்கறை. “வரிக் கணக்கில் இருக்கிறதுதான் செல்லும், அண்ணன்” என்று திறக்காமலே ஓரமாக வைத்தேன். அவர் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். கோப்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் புரட்டினேன். 2020 ஏப்ரல், ஊரடங்குக் காலம். ஒவ்வொரு நாளும் பார்சல் கணக்கு: 38, 41, 29. கடை பூட்டியிருந்தும் அனுமதி எடுத்து முச்சக்கரவண்டியில் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். போன முடக்கத்தில் ஓடின பார்சல் இந்த முடக்கத்தில் ஏன் நின்றது? என் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. அவருக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டு எடுப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். “போனது போகட்டும்” என்றார்கள். 2021இன் கட்டுப்பாடும் அனுமதிமுறையும் வேறு, பார்சல் வாங்கியவர்களிடமும் காசில்லாமல் போயிருக்கலாம் என்று நானே எனக்குக் காரணம் அடுக்கினேன். எல்லாம் சாத்தியம்தான். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே பார்த்ததாகச் சொல்லவில்லை.

2025 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. அன்று பின்னேரமே அவர் அழைத்தார்.

“பிள்ளை, அந்தக் கொப்பி பத்திரமா இருக்கு. கொண்டுவரவா?”

“கொண்டுவாங்க” என்றேன். அதை வைத்து இப்போது என்ன செய்யலாம் என்று அவர் கேட்கவில்லை.